பிள்ளை வளர்க்க எந்த ஒழுங்கை? திருகோணமலையில் வீடு பார்க்கும் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கை வெளிவரும் நாள்களில் திருகோணமலையில் ஒரே கேள்விதான் வீட்டுக்கு வீடு சுற்றும்: “எந்தப் பக்கம் வீடெடுத்தால் பிள்ளைக்கு நல்லது?” மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ இடமாற்றம் கிடைத்து வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள், தாய்வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போகிற இளந்தம்பதிகள் என எல்லோருக்கும் கிடைக்கும் பதில் ஓர் இடப்பெயர்தான். உவர்மலை அமைதி, உப்புவெளி காற்று, பாலையூற்று மலிவு, நகரத்துக்குள் எல்லாம் கிட்ட.

இந்தப் பதில்களில் பொய் கிடையாது. ஆனால் இவற்றை வைத்து முடிவெடுக்க ஏலாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உலகம் வீட்டு வளவு, வாசல் ஒழுங்கை, கடைக்கும் கிளினிக்குக்கும் முன்பள்ளிக்கும் போகிற வழி, இவ்வளவுதான். ஒரே வட்டாரத்தில் இரண்டு ஒழுங்கைகளுக்கிடையே நிலமட்டம் மூன்றடி வேறுபட்டால், ஒன்றில் மார்கழி மழை வடிந்தோடும், மற்றதில் வந்து தேங்கும். ஆகவே வட்டாரத்தின் பேரைக் கேட்டுத் திருப்திப்படாமல் ஒழுங்கைக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும்.

எதை முதலில் பார்ப்பது என்பதும் முக்கியம். கூரை, ஜன்னல், பெயின்ற், வேலி எல்லாம் காசு போட்டால் மாற்றலாம். நிலத்தின் உயரம், நிலத்தடி நீர், பாடசாலைக்குள்ள தூரம், வாசலில் ஓடும் ரோட்டு ஆகியவற்றை எவ்வளவு காசு போட்டாலும் மாற்ற முடியாது. மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டைல்ஸ் பதித்த ஹோலைக் கண்டு மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கார்த்திகையில் கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்துகிறார்கள்.

## நிலம்: எந்த மண், எவ்வளவு உயரம்

திருகோணமலை நகரம் கிழக்கே திறந்த கடலுக்கும் மேற்கே துறைமுகத்துக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். கோணேசர் கோயில் நிற்கும் மலையும் உவர்மலையும் மேடுகள். அவற்றுக்கிடையே தாழ்ந்த மணல்தரை. வடக்கே நிலாவெளி வீதியில் அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு என்று போகப்போக ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் ஈரநிலமுமாக மணல்பட்டை நீளும். கண்டி வீதியாலும் அநுராதபுர வீதியாலும் உள்ளே போனால் பாலையூற்று, அன்புவழிபுரம், கன்னியாப் பக்கங்களில் மண் இறுகும். இடையிடையே குளங்களும் பள்ளங்களும் வரும்.

வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வந்து பார்க்கிறவருக்கு எல்லா வளவும் காய்ந்த, நல்ல வளவாகவே தெரியும். வெள்ளத்தின் தடயத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் ஆடி மாதத்திலேயே உண்மையைக் கண்டுபிடிக்கலாம்.

1. சுவரின் அடி. தண்ணீர் நாள்கணக்கில் நின்ற சுவரில் நிலத்திலிருந்து ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்குக் கீழே பூச்சு பொருமி, உப்புப் பூத்து, விரலால் சுரண்டினால் மாவாக உதிரும். முன்சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் பின்பக்க மதிலையும், மலசலகூடக் கதவின் அடியையும், மரக் கதவுநிலைகளின் கடைசி ஆறு அங்குலத்தையும் பாருங்கள். அங்கே பெயின்ற் அடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

2. அயலின் பழைய வீடுகளில் படிகள். பழைய ஆட்கள் வெள்ளம் தெரிந்து அத்திவாரம் போட்டவர்கள். ஒழுங்கையின் பழைய வீடுகளெல்லாம் நாலைந்து படி உயர்ந்து நிற்க, நீங்கள் பார்க்கும் புதுவீடு ஒரு படியோடு நின்றால், அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் இருக்கும்.

3. வெற்று வளவில் முளைத்திருப்பது. கோரையும் சம்பும் ஆவணி வெயிலிலும் பச்சையாக நின்றால் கீழே தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது. எருக்கலையும் நாயுண்ணியும் மண்டிய வளவு பெரும்பாலும் வடிந்த நிலம்.

4. மதகு. ஒழுங்கைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, அந்த வாய்க்கால் எங்கே ரோட்டைக் கடக்கிறது என்று நடந்து பாருங்கள். மதகு பாதிக்குமேல் மண்ணாலும் பிளாஸ்டிக்காலும் அடைபட்டிருந்தால், மேட்டிலுள்ள வீட்டுக்கும் வாசலில் வெள்ளம்தான்.

5. மண் போட்டு உயர்த்திய பக்கத்து வளவு. நாலு லோட் கிரவல் கொட்டி உயர்த்திய வளவிலிருந்து மழைநீர் தாழ்ந்த அயல்வளவுக்கு இறங்கும். கடைசியாக உயர்த்தியவர் தப்புவார். உங்கள் வளவைச் சுற்றி மூன்று பக்கமும் உயர்த்தி முடித்திருந்தால் நடுவில் மிஞ்சுவது குளம்.

கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். “இங்க வெள்ளம் வாறதோ?” என்றால் வீட்டுக்காரர் “சீச்சீ, இல்லை” என்றுதான் சொல்வார். “2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்த இரவு தண்ணி எந்தப் படி மட்டும் வந்தது? போன டித்வாப் புயலுக்கு?” என்று கேட்டால் ஆள் கையைக் காட்டி உயரத்தைச் சொல்வார். அதையே எதிர்வீட்டு அம்மாவிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். மூன்று பதில்களும் ஒத்துவந்தால் நம்பலாம். வயதானவர்கள் 1964 மார்கழிப் புயலையும் 2000 டிசம்பர் 26 புயலையும் கூடச் சேர்த்துச் சொல்வார்கள். அவை அந்த ஒழுங்கையின் எல்லை அளவுகள்.

## கிணறும் குழியும்

திருகோணமலையின் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. குழாய் இணைப்புள்ள வீட்டில் குடிதண்ணீர்க் கவலை பெரும்பகுதி தீர்ந்தது. பார்க்கவேண்டியது அழுத்தத்தைத்தான்: காலை ஆறரைக்கு 10 லீற்றர் வாளியொன்றைக் குழாயில் வைத்து நேரத்தை அளவுங்கள். இரண்டு நிமிடத்துக்குமேல் எடுத்தால் தண்ணீர்த் தாங்கிக்கும் பம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். கைப்பிள்ளை உள்ள வீட்டில் தண்ணீர் நிற்கும் நேரத்துக்குத் துணிக்கூடை காத்திருக்காது.

கிணற்றை நம்பும் வீடென்றால் விடயம் வேறு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இப்போது விற்கும் துண்டுகள் பல 10 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 10 பேர்ச் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். உங்கள் குழியை ஒரு மூலையிலும் கிணற்றை எதிர்மூலையிலும் வைத்தாலும், பக்கத்து வளவுக்காரரின் குழி உங்கள் கிணற்றிலிருந்து மதிலளவு தூரத்தில் இருக்கலாம். உங்கள் வீட்டுக்குள் மட்டும் அளந்து திருப்திப்படுவதுதான் இங்கே வழமையான பிழை. மதிலுக்கு மேலால் எட்டி நான்கு பக்கத்துக் குழிகளும் எங்கே என்று பாருங்கள்.

மணல்தரையில் இது இன்னும் கடுமை. மணல் தண்ணீரை விரைவாகக் கடத்தும். களிமண்ணைப்போல் பிடித்து வடிக்காது. மார்கழியில் நிலத்தடி நீர் மூன்றடிக்குள் ஏறி வரும்போது குழியின் கழிவும் கிணற்று நீரும் ஒரே தண்ணீர்தான். வெள்ளம் வடிந்த கிழமையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதற்கு இது பெரிய காரணம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். மலக்குழியிலிருந்தும் தோட்டப் பசளையிலிருந்தும் கிணற்றுக்கு வரும் இந்த உப்பு, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகும் திறனைக் குறைத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. பால்மா கரைத்துக் கொடுக்கும் வீட்டில், பரிசோதிக்காத கிணற்றுத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். உள்ளே தள்ளி, பாறைநிலத்தில் ஆழக் குழாய்க்கிணறு அடித்த வீடென்றால் புளோரைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் முளைத்துவரும் பற்களில் கறை விழும். தண்ணீர் மாதிரியைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலிலேயே எடுக்கவேண்டும். வீட்டுப் போத்தலில் கொண்டுபோனால் முடிவு பிழைக்கும்.

கிணற்றின் கட்டையும் கவனியுங்கள். மூன்றடிக்குக் குறைந்த கட்டு, தவழ்ந்து எழுந்து நிற்கும் பிள்ளைக்கு எட்டிப்பார்க்கும் உயரம். கட்டுக்குப் பக்கத்தில் துவைகல்லோ கவிழ்த்த வாளியோ கிடந்தால் மூன்றடியும் ஒன்றரையடிதான். கம்பிவலை மூடி போட்டுப் பூட்டு வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று அட்வான்சுக்கு முதலே கேளுங்கள். குழி மூடியின் கொங்கிறீற் வெடித்திருக்கிறதா என்பதையும் காலால் தட்டிப் பார்க்காமல், குனிந்து கண்ணால் பாருங்கள்.

## பாடசாலை வட்டம்

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இதுதான். அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு நீண்டகாலமாக இருந்துவரும் பங்கீடு இப்படி: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்றுவந்த அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. வீடு தேடுகிறவர் கணக்கில் எடுக்கவேண்டியது அந்த முதல் 50ஐ. விபரங்கள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படலாம், ஆகவே அவ்வருடச் சுற்றறிக்கையைக் கையில் வைத்தே விண்ணப்பியுங்கள்.

“அண்மை” என்றால் கிலோமீற்றர் என்றே பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். உங்கள் வீட்டை மையமாக வைத்து, நீங்கள் விரும்பும் பாடசாலை வரைக்கும் ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள், உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய, ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலைகள் எத்தனை விழுகின்றன? ‘அண்மை’ப் பிரிவில் தெரிவு புள்ளிக் கணக்கில்தான், அதில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். தூரம் எவ்வளவு என்பதைவிட இடையில் எத்தனை பாடசாலை என்பதே உங்களை வெட்டும்.

திருகோணமலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர், புனித மரியாள், மெதடிஸ்த பெண்கள் கல்லூரி எல்லாம் நகரத்துக்குள் கிட்டக்கிட்ட நிற்பவை. நகரின் நடுவிலேயே வீடு இருந்தாலும், விரும்பும் பாடசாலை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ விழலாம். உப்புவெளியிலிருந்து ஐந்து கிலோமீற்றர் ஆரைக்கு வட்டம் கீறினால் வழியிலுள்ள பாடசாலைகள் அத்தனையும் உள்ளே வந்துவிடும். அங்கே வீடெடுத்துவிட்டு நகரப் பாடசாலையை ‘அண்மை’ப் பிரிவில் எதிர்பார்ப்பது வீண். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா, எந்த மொழிமூலம் என்பதும் கணக்கை மாற்றும். ஆகவே அண்ணனுக்குச் சரியாக வந்த வீடு தங்கைக்கு வராமல் போகலாம்.

அடுத்தது காலக்கணக்கு. வாக்காளர் இடாப்பில் பெற்றோர் இருவரின் பெயரும் அந்த முகவரியில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் அதற்குரிய முழுப் புள்ளி. ஓர் எடுத்துக்காட்டு:

1. பிள்ளை பிறந்தது 2026 ஆனி.
2. ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும். ஆகவே சேர்வது 2032 ஜனவரி.
3. விண்ணப்பம் 2031 நடுப்பகுதியில்.
4. அதற்கு முந்திய ஐந்து இடாப்புகள்: 2026, 2027, 2028, 2029, 2030.

பிள்ளை பிறந்த வருடமே புது முகவரியில் பெயர் ஏறியிருக்கவேண்டும் என்றாகிறது. நாலு வயதில் வீடு மாறினால் புள்ளிகள் போனது போனதுதான். வாக்கு ஊரில் இருக்கட்டும் என்று மூதூரிலோ யாழ்ப்பாணத்திலோ பெயரை விட்டுவிட்டு இங்கே ஆறு வருடம் குடியிருந்தவர்கள் கடைசியில் கையைப் பிசைவது இதனால்தான். வீடு மாறிய உடனே கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து இடாப்புப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். உறுதி, பதிவுசெய்த குத்தகை, கரன்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றிலும் முகவரி எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் “லேன்”, இன்னொன்றில் “ஒழுங்கை”, மூன்றாவதில் பழைய இலக்கம் என்று இருந்தால் நேர்முகத்தில் அதற்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஆரம்ப ஐந்து வருடங்களுக்கு, பிள்ளை நடந்துபோகும் தூரத்திலுள்ள சின்னப் பாடசாலை பல வேளைகளில் மேலானது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ரீச்சருக்கு வீட்டைத் தெரியும், பிள்ளைக்கு நித்திரை கூட. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வழியாக ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலை வாசல் திறந்தே இருக்கிறது. பேருக்காகப் பெரிய பாடசாலை என்று ஆறு வயதுப் பிள்ளையைக் காலை ஆறுக்கு வேனில் ஏற்றுவதற்குமுன், அயல் பாடசாலையின் அதிபரை ஒருதரம் சந்தித்து, முதலாம் தரத்தில் எத்தனை பிள்ளைகள், ஆரம்பப் பிரிவில் ஆசிரிய வெற்றிடம் உண்டா என்று கேளுங்கள்.

## வாசலிலிருந்து வகுப்புவரை

முதலாம், இரண்டாம் தரங்களுக்குப் பாடசாலை பொதுவாக 11.30க்கு விட்டுவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் சிக்கல் காலையில் கிடையாது, உச்சி வெயிலில்தான். 11.30க்குப் பிள்ளையை எடுக்க யார் வருவார், எந்த வழியால், எதில்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு மாற்றுப் பெயரும் இல்லாத வீடு, வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒத்துவராது. அம்மம்மா வீடு ஓட்டோவில் பத்து நிமிடத்துக்குள் இருப்பது ஒரு படுக்கையறை கூடுதலாக இருப்பதைவிடப் பெறுமதி.

நிலாவெளி வீதி, கண்டி வீதி, அநுராதபுர வீதி மூன்றும் நெடுந்தூர வாகனம் ஓடும் ரோட்டுகள். வீடு ரோட்டின் எந்தப் பக்கம், முன்பள்ளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். ரோட்டைக் கடக்காமல் போகக்கூடிய முன்பள்ளி, நூறு மீற்றர் தள்ளி இருந்தாலும் நல்லது. மூடாத வடிகானின் ஓரத்தால் போகும் வழியை மழை நாளில் கற்பனை செய்து பாருங்கள்: தண்ணீர் ரோட்டையும் கானையும் மூடி ஒரே மட்டமாக நிற்கும், பிள்ளைக்கு எது ரோட்டு என்று தெரியாது.

போகிற வழியில் தண்ணீரைக் கடக்கவேண்டி வருமா என்பதும் கேட்கவேண்டிய ஒன்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பழைய படகுப்பாதைக் கவலை நகருக்குள் மறந்துபோயிற்று. ஆனால் 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதப்புப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். பாடசாலைக்குப் போகும் ஒரே வழி பாதுகாப்பற்றதாக இருந்ததன் விலை அது. பாலமோ ரோட்டோ திருத்த வேலையில் இருக்கும் பகுதியில் வீடெடுத்தால், மாற்றுவழி எது, அதில் பிள்ளையை அனுப்ப மனம் வருமா என்று நீங்களே ஒருமுறை போய்வந்து பாருங்கள்.

முன்பள்ளி, மாகாண முன்பள்ளிப் பணியகத்தில் பதிவுபெற்றதா என்று கேட்டுவிட்டு, மலசலகூடத்தையும் படலையையும் நீங்களே பாருங்கள். படலைக் கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். வேறு அலங்காரம் எதுவும் முக்கியமில்லை.

## நுளம்பு

2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது மாவட்டமே ஆடிப்போனது. அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். பிறந்த இடத்திலிருந்து அதிகம் தூரம் போகாது, ஒருசில வளவுகளுக்குள்தான் சுற்றும். ஆகவே உங்கள் பிள்ளையைக் கடிக்கும் நுளம்பு உங்கள் ஒழுங்கையிலேயே பிறந்தது.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தால் போதும். பாதியில் நின்ற கட்டடத்தின் தளத்தில் தேங்கிய தண்ணீர், ஆளில்லாத வீட்டின் மூடாத கிணறு, வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வளவில் கிடக்கும் ரயர், இலை அடைத்த கூரைப் பீலி. இவற்றில் பூட்டிய வளவுதான் பெரிய தலையிடி, ஏனெனில் துப்புரவாக்க ஆள் கிடையாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அந்தப் பகுதியில் எந்த ஒழுங்கைகளில் அடிக்கடி டெங்கு வருகிறது என்று தெரியும், கேட்டால் சொல்வார். குப்பை வண்டி எந்த நாள் வருகிறது என்பதையும் அப்படியே விசாரியுங்கள்.

## கிளினிக்கும் வைத்தியசாலையும்

பிறந்த பிள்ளைக்கு பீ.சீ.ஜீ, பிறகு 2, 4, 6 மாதங்கள், 9 மாதம், 12 மாதம், 18 மாதம், 3 வயது, 5 வயது எனத் தடுப்பூசி அட்டவணை ஓடும். நடுவில் நிறை நிறுக்கவும் போகவேண்டும். ஆகவே கிளினிக் எங்கே நடக்கிறது, மாதத்தில் எந்த நாள் என்பதை வீடு பார்க்கும்போதே கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) முகவரிப்படிதான் பிரிக்கப்படுவார். வீடு மாறினால் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு புதுப் பகுதி மிட்வைஃபிடம் நீங்களே போய்ப் பதியவேண்டும்.

மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இரவு இரண்டுக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸ் உங்கள் ஒழுங்கைக்குள் நுழையுமா? எட்டடி அகலமும் ஒரு கூர்த்திருப்பமும் உள்ள ஒழுங்கையில் ஓட்டோ மட்டும்தான் வரும். ஒழுங்கையின் வாயை அடி கொண்டு அளந்து பாருங்கள்.

## கடல்

கடலோரத்தில் பிள்ளை வளர்ப்பது பெரிய பாக்கியம். மாலைக்காற்றும் மணலும் காசு கொடுத்து வாங்க முடியாதவை. ஆனால் 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமத்திராவில் நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் கிழக்குக் கரையில் அலை ஏறியது. கரைக்குக் கிட்ட வீடெடுக்கிறவர் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கவேண்டும்: ஒரு கையில் சின்னதைத் தூக்கி, மறு கையில் மூத்ததைப் பிடித்து, வாசலிலிருந்து உயர்ந்த நிலத்துக்கு வேகமாக நடக்க எத்தனை நிமிடம்? வழி கடலுக்கு நேர்செங்குத்தாக உள்ளே போகிறதா, அல்லது களப்பில் போய் முட்டுகிறதா? சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்க மணல்பட்டைகளில் இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். கடலிலிருந்து விலகி ஓடினால் களப்பு மறிக்கும் இடங்கள் உண்டு. அப்படியான இடத்தில் கொங்கிறீற் மேற்தளமுள்ள உறுதியான மாடிக் கட்டடம் நடைதூரத்தில் இருக்கிறதா பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

சித்திரை தொடங்கி புரட்டாதி வரைக்கும் அமைதியாகக் கிடக்கும் உப்புவெளிக் கடல், வாடைக்காற்றுக் காலத்தில் வேறு கடல். கடற்கரையை நோக்கிய படலைக்குப் பூட்டு வேண்டும்.

## வெக்கை

வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 34, 35 பாகைக்குப் போகும். கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும். கூரை சீற்றாக இருந்து கீழே சீலிங் இல்லாவிட்டால் மத்தியான நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு வியர்க்குருவும் சிணுங்கலும்தான். மேற்குப் பார்த்த அறையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். முற்றத்தில் ஒரு வேம்போ மாவோ நிற்கும் வீட்டுக்கு வாடகையில் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அந்த நிழல்தான் பிள்ளை நாள்முழுக்க விளையாடும் இடம். வீட்டைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்து, கதவு ஜன்னலைச் சாத்தி உள்ளே கால்மணி நேரம் இருந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு எல்லா வீடும் குளிர்ந்ததாகத்தான் இருக்கும்.

## வாங்குவதா, வாடகைக்கா

வாங்குவதென்றால் காணி உறுதிக் காணியா, அரச பேர்மிட்டா, அளிப்புப் பத்திரமா என்று முதலில் தெளியவேண்டும். பேர்மிட், அளிப்புக் காணிகளை நினைத்தபடி விற்கவோ மாற்றவோ முடியாது. வெறும் கைச்சாத்துக் கடிதத்தில் வாங்கியவருக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, பாடசாலை நேர்முகத்தில் உரிமைப் புள்ளிக்கும் அந்தக் கடிதம் உதவாது. சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பார்த்தபின்தான் முற்பணம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒரு வருட வாடகைக்கு எடுப்பது நல்லது. அந்த வருடத்துக்குள் ஒரு மார்கழி கட்டாயம் விழவேண்டும். மாசியில் எடுத்து ஐப்பசியில் முடியும் ஒன்பது மாத ஒப்பந்தம் வெள்ளத்தைக் காட்டாது. ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குள் வெள்ளம் ஏறினால் முன்னறிவித்தல் இல்லாமல் வெளியேறி அட்வான்ஸ் மீதியைப் பெறலாம், கிணற்று மூடியும் படலைப் பூட்டும் வீட்டுக்காரரின் செலவு, குடியிருப்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் பதிய வீட்டுக்காரர் மறுக்கமாட்டார். மூன்றாவது வரிக்குச் சிலர் தயங்குவார்கள், பெயர் ஏறினால் வீடு போய்விடும் என்ற பயத்தால். இடாப்புப் பதிவு சொத்துரிமை தராது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முதலே, இயலுமானால் கிராம உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துங்கள்.